கிருமியும் கவாத்து வெட்டும்!



கவாத்து வெட்டி முடித்த மலைச்சரிவின் முன்னால், கேமரன் மலைக்குப் புதிதாக வரும் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்திப் பாருங்கள். "அடடா, பச்சைப் பசேலென்று இருந்த தோட்டத்தை இப்படி மொட்டையடித்துவிட்டார்களே!" என்று வருத்தப்படுவார். நமக்கு அந்த வருத்தம் இல்லை. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டாமல் விட்டால் தேயிலை மரமாகிவிடும், கொழுந்து கைக்கு எட்டாது என்பது நம் வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். வெட்டு என்பது அழிவல்ல. அடுத்த துளிருக்கு அதுதான் ஆரம்பம்.

இதே தொழிலைத் தன் உடம்புக்குள்ளேயே செய்துகொள்ளும் ஓர் உயிர் உண்டு. ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் அவற்றில் சுமார் நானூறு பேர் வரிசையாகப் படுத்துக்கொள்ளலாம். பாக்டீரியா என்னும் நுண்கிருமியைத்தான் சொல்கிறேன். எப்போது வளர்வது, எப்போது உறங்குவது, எப்போது விழிப்பது என்ற தீர்மானங்களை அது தன் உடம்பில் உள்ள புரதங்களை வெட்டியும் உடைத்தும்தான் நிறைவேற்றுகிறது.

"கிருமி எதை வெட்டினால் நமக்கென்ன?" என்று கேட்பீர்கள். மீந்துபோன சோறு, காலில் ஏறிய ஆணி, பிறந்த பிள்ளைக்கு நாவில் தடவும் தேன், பக்கத்துக் கோசுத் தோட்டத்தில் தெளிக்கும் மருந்து ஆகிய நான்கிலும் இந்த வெட்டுக்குப் பங்கு உண்டு. ஆகவே பொறுமையாகப் படியுங்கள்.

புரதம் என்னும் வேலையாள்

பருப்பிலும் முட்டையிலும் கருவாட்டிலும் புரதம் இருக்கிறது என்று படித்திருக்கிறோம். அது உணவு மட்டுமல்ல, ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் இருக்கும் வேலையாளும் அதுவே. அமினோ அமிலம் என்னும் மணிகளைக் கோத்த மாலை என்று புரதத்தைச் சொல்லலாம். இருபது வகை மணிகள் உள்ளன. அவற்றை எந்த வரிசையில் கோக்கிறோமோ அதற்கேற்ப மாலை மடிந்து ஓர் உருவம் பெறுகிறது. அந்த உருவம்தான் அதன் வேலையைத் தீர்மானிக்கிறது.

ஒரு சாதாரண மண் கிருமியிடம் சுமார் நாலாயிரம் வகைப் புரதங்களைச் செய்யும் குறிப்புகள் இருக்கின்றன. எந்தப் புரதத்தை எப்போது செய்வது என்பதில்தான் உயிரின் சூட்சுமம் இருக்கிறது என்று விஞ்ஞானிகள் வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். அது பாதி உண்மைதான். செய்ததை எப்போது உடைப்பது என்பது மறுபாதி.

தோட்டத்து ஆப்பீஸ் பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது: "நாளை பத்தாம் நம்பர் மலையில் கொழுந்து." மறுநாள் வேலை ஐந்தாம் நம்பர் மலைக்கு மாறிவிட்டது. பக்கத்திலேயே புதிய தாளை ஒட்டிவிட்டுப் பழையதைக் கிழிக்காமல் விட்டால் என்ன ஆகும்? பாதிப் பேர் அங்கே, பாதிப் பேர் இங்கே. பழைய தாளைக் கிழித்தால்தான் புதிய கட்டளை செல்லும். கிருமிக்குள்ளும் இதுதான் நிலை. சில புரதங்கள் கட்டளைத் தாள்கள். காலம் மாறும்போது அவற்றைக் கிழித்தே ஆகவேண்டும்.

பீப்பாய்க்குள் கத்தி

கண்ட இடத்தில் கத்தியைப் போட்டு வைத்தால் வீட்டுப் பிள்ளைகள் கையை அறுத்துக்கொள்வார்கள். கிருமிக்கும் அந்த அபாயம் உண்டு. அதனால் கத்திகளை ஒரு பீப்பாய்க்குள் பூட்டி வைத்திருக்கிறது. அந்தப் பீப்பாய்க்குக் கிளிப்-பி என்று பெயர். ஏழு துண்டுகள் சேர்ந்த வளையம் ஒன்று, அதன்மேல் அதேபோல் இன்னொன்று, ஆகப் பதினான்கு துண்டுகள். வெட்டும் முனைகள் எல்லாம் உட்பக்கம். வாயோ மிகக் குறுகியது. மடிந்து உருண்டிருக்கும் புரதம் தானாக உள்ளே விழ முடியாது.

பீப்பாயின் வாயில் கிளிப்-சி போன்ற காவல் வளையங்கள் உட்கார்ந்திருக்கும். எந்தப் புரதம் உடைபட வேண்டும் என்று பார்த்து, பிடித்து, நூலை இழுப்பதுபோல் அதன் மடிப்பைப் பிரித்து உள்ளே தள்ளுவது இவற்றின் வேலை. இதற்குக் கிருமி தன் சக்தியைச் செலவழிக்கிறது. உடைப்பதற்கும் கூலி உண்டு!

எதை உடைப்பது என்று எப்படித் தெரியும்? சில புரதங்களின் முனையிலேயே அதற்கான அடையாளம் இருக்கும். சிலவற்றைத் துணைப் புரதம் ஒன்று கைப்பிடியாக அழைத்து வரும். சில கிருமிகளில், ஆர்ஜினின் என்னும் மணியின்மேல் பாஸ்பேட் பொட்டு ஒன்று வைக்கப்படும். அந்தப் பொட்டு இருந்தால் நேரே பீப்பாய்க்குத்தான். ஆஸ்திரியாவின் வியன்னா நகர விஞ்ஞானிகள் 2016-ல் இதனை விளக்கினார்கள். நம்மைப் போன்ற பெரிய உயிர்களில் இந்த அடையாளச் சீட்டு வேறு விதம். அதைக் கண்டறிந்ததற்காக ஏரன் சீஹனோவர், அவ்ரம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் ஆகிய மூவருக்கும் 2004-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

வைக்கோல் கிருமியின் பட்டினிக் காலம்

இனி நம் கதாநாயகனைப் பார்ப்போம். பேசில்லஸ் சப்டிலிஸ் என்பது அதன் பெயர். மண்ணிலும் வைக்கோலிலும் வாழும் சாதுவான கிருமி. 1876-ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் பெர்டினண்ட் கோன், இந்த வைக்கோல் கிருமி வெந்நீரிலும் சாகாத ஒரு வித்தாக மாறுவதை விவரித்தார். அதே ஆண்டில் ராபர்ட் காக், கால்நடைகளைக் கொல்லும் ஆந்திராக்ஸ் கிருமியும் அவ்வாறே வித்தாவதைக் காட்டினார்.

வித்து என்றதும் விதை போலப் பெருகுவதற்கு என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு கிருமியிலிருந்து ஒரே வித்து. பட்டினிக் காலத்தைத் தாண்டுவதற்கான உறக்கம் அது. பல ஆண்டுகள் சோறின்றி, நீரின்றி அது காத்திருக்கும்.

ஆனால் இந்த உறக்கம் விலை மிகுந்தது. அவசரப்பட்டு உறங்கிவிட்டால், மறுநாள் சாப்பாடு வரும்போது அக்கம்பக்கத்துக் கிருமிகள் தின்று பெருகிவிடும். ஆகவே முதலில் வேறு வழிகளைப் பார்க்கும். அவற்றில் ஒன்று, வெளியே சிதறிக் கிடக்கும் பிற கிருமிகளின் மரபுப்பொருளை உள்ளே இழுத்துக்கொள்வது. இதற்குக் கட்டளையிடும் புரதம் காம்-கே. வேடிக்கை என்னவென்றால், நல்ல காலத்திலும் இந்தப் புரதம் சிறிதளவு உண்டாகிக்கொண்டே இருக்கிறது. உண்டானதும் மெக்-ஏ என்னும் துணைப் புரதம் அதைப் பிடித்துப் பீப்பாயிடம் ஒப்படைத்துவிடுகிறது. செய்வதும் உடைப்பதுமாக வீண் செலவுதானே என்று தோன்றும். அப்படி அல்ல. கூட்டம் பெருகி உணவு குறையும்போது காம்-எஸ் என்னும் சிறு புரதம் இடையே புகுந்து மெக்-ஏயின் பிடியை விலக்குகிறது. காம்-கே தப்புகிறது. கூட்டத்தில் ஒரு பகுதிக் கிருமிகளில் அது சட்டென்று பெருகிக் கட்டளை பிறப்பித்துவிடுகிறது. எல்லோரும் ஒரே வழியில் போகாமல் சிலர் மட்டும் போவதும் ஒரு தந்திரம்.

எந்த வழியும் பலிக்காவிட்டால்தான் வித்து.

இரண்டு அறை, நான்கு மண்டோர்

இப்போது கிருமியின் நடுவில் அல்ல, ஓர் ஓரத்தில் சுவர் எழும்புகிறது. பெரிய அறை ஒன்று, சிறிய அறை ஒன்று. விஞ்ஞானிகளே பெரிய அறைக்குத் தாய் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். சிறியதைக் குழந்தை என்று வைத்துக்கொள்வோம். குழந்தைதான் வித்தாகப் போகிறது. இரண்டிலும் இருக்கும் மரபுக் குறிப்பு ஒன்றுதான். ஆனால் செய்யவேண்டிய வேலை வேறு வேறு. யார் பிரித்துக் கொடுப்பது?

இதற்கு நான்கு மண்டோர்கள் இருக்கிறார்கள். சிக்மா எஃப், சிக்மா இ, சிக்மா ஜி, சிக்மா கே என்று பெயர். எஃப், ஜி இருவரும் குழந்தை அறையில். இ, கே இருவரும் தாய் அறையில். எந்த மண்டோர் எழுந்து நிற்கிறாரோ அவர் சொல்லும் புரதங்கள்தான் அந்த நேரத்தில் உண்டாகும். ஒருவர் முந்திக்கொண்டாலும் வித்து கெட்டுப்போகும். ஆகவே ஒவ்வொருவரும் கட்டிப்போடப்பட்டிருக்கிறார்கள். இந்தக் கட்டுகளைத் திறப்பதில்தான் வெட்டும் உடைப்பும் வருகின்றன.

முதலில் குழந்தை அறை. சிக்மா எஃப் மண்டோரை ஒரு காவல் புரதம் கட்டிப் பிடித்திருக்கிறது. சுவர் எழும்பியதும் வேறொரு புரதம் வந்து அந்தக் காவலை விலக்குகிறது. விலக்கிய காவல் மீண்டும் ஓடிவந்து பிடித்துக்கொள்ளக் கூடாதே! கிளிப்-சியும் கிளிப்-பியும் அதைப் பீப்பாயில் போட்டு உடைத்துவிடுகின்றன. முதல் மண்டோர் எழுந்தாயிற்று.

அவர் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, சுவரைத் தாண்டித் தாய்க்குச் செய்தி அனுப்புவது. தாய் அறையில் சிக்மா இ ஏற்கெனவே செய்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதன் முனையில் இருபதுக்கு மேற்பட்ட மணிகள் கொண்ட ஒரு வால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வால் இருக்கும்வரை மண்டோர் செயலற்றவர். குழந்தையின் செய்தி வந்ததும் சுவரோரம் காத்திருக்கும் கத்தி அந்த வாலை நறுக்குகிறது. இரண்டாம் மண்டோர் எழுகிறார்.

அடுத்து, தாய் தன் குழந்தையை மெல்லச் சூழ்ந்து வயிற்றுக்குள் வாங்கிக்கொள்கிறது. உள்ளே சிக்மா ஜி விழிக்கிறது. "நான் பத்திரமாக உள்ளே வந்துவிட்டேன்" என்று குழந்தை இரண்டாவது செய்தி அனுப்புகிறது. இம்முறை செய்தி கொண்டுபோகும் புரதமே ஒரு கத்தி. தாயிடம் இன்னொரு கத்தி, கைகள் கட்டப்பட்ட நிலையில் இருக்கிறது. செய்திக் கத்தி அந்தக் கட்டை அறுக்கிறது. விடுபட்ட தாயின் கத்தி, சிக்மா கேயின் வாலை நறுக்குகிறது. நான்காம் மண்டோரும் எழுந்துவிட்டார். வித்தின்மேல் அடுக்கடுக்காக உறை போர்த்தப்படுகிறது.

வேலை முடிந்ததும் தாய் கரைந்து போகிறது. குழந்தை மட்டும் வித்தாக வெளியே வருகிறது. ஆய்வுக்கூடத்தின் இதமான சூட்டில் இத்தனையும் ஏழெட்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். 1980-களிலும் 1990-களிலும் பாரிஸில் பத்ரிக் ஸ்த்ராஜியே, ஹார்வர்டில் ரிச்சர்ட் லோசிக் முதலியோரின் குழுக்கள் இந்தக் கதையைத் துண்டு துண்டாகக் கண்டுபிடித்தன.

வால் நறுக்கியதை மறுபடி ஒட்ட முடியாது. உடைத்த காவலைத் திரும்ப அழைக்க முடியாது. அதுதான் இந்த முறையின் பலம். பூட்டைத் திறந்தால் மறுபடி பூட்டிவிடலாம். பூட்டை உடைத்துவிட்டால் முன்னோக்கிப் போவது ஒன்றே வழி.

நம் மலைக் கோசுத் தோட்டத்தில்

இந்த நாடகம் எங்கோ ஆய்வுக்கூடத்தில் மட்டும் நடப்பதாக எண்ணவேண்டாம். கம்போங் ராஜாவிலும் கியா பார்மிலும் கோசு பயிரிடுவோர் பல ஆண்டுகளாக இதன் பலனைத் தெளித்து வருகிறார்கள்.

முட்டைக்கோசின் பெரும் பகை வைரமுதுகு அந்துப்பூச்சி. அதன் புழு இலையைச் சல்லடையாக்கிவிடும். கேமரன் மலையில் அடித்த ரசாயன மருந்துகள் பலவற்றுக்கு இந்தப் புழு ஒன்றன்பின் ஒன்றாகப் பழகிக்கொண்டது. அதனால் 1980-களின் பிற்பகுதியில் பி.டி. என்னும் மருந்தின் பயன்பாடு கூடியது. அது ரசாயனம் அல்ல, கிருமி. முழுப்பெயர் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ். நம் வைக்கோல் கிருமியின் சொந்தக்காரன். 1901-ல் ஜப்பானில் இஷிவாடா என்பவர் பட்டுப்புழு நோயில் இதைக் கண்டார். 1911-ல் எர்ன்ஸ்ட் பெர்லினர், ஜெர்மனியின் துரிஞ்சியா பகுதி மாவுப் புழுவில் கண்டு, பின்பு அந்த ஊரின் பெயரையே சூட்டினார்.

பி.டி. வித்தாகும்போது தாய் அறையில் வித்துக்குப் பக்கத்திலேயே ஒரு புரதப் படிகத்தையும் செய்கிறது. செய்யச் சொல்லும் மண்டோர்கள் யார் தெரியுமா? அதே சிக்மா இ, சிக்மா கே. வால் நறுக்கப்படாவிட்டால் படிகமும் இல்லை, மருந்தும் இல்லை!

அந்தப் படிகத்தின் விந்தை இன்னும் இருக்கிறது. அது அப்படியே நஞ்சு அல்ல. புழு அதை இலையோடு தின்றதும், காரத்தன்மை மிகுந்த புழுவின் குடலில் படிகம் கரைகிறது. புழுவின் சீரணக் கத்திகளே அந்தப் புரதத்தைப் பாதிக்குப் பாதியாக நறுக்குகின்றன. மிஞ்சும் பாதிதான் நஞ்சாகிக் குடல் சுவரில் ஒட்டித் துளையிடுகிறது. புழு தின்பதை நிறுத்தி மடிகிறது. தன் கையால் தன் கண்ணைக் குத்திக்கொண்ட கதைதான். மனித வயிற்றில் இருப்பது காரமல்ல, அமிலம். அந்த நஞ்சு ஒட்டிக்கொள்ளும் இடமும் நம் குடலில் இல்லை. அதனால் நமக்கு அது வேலை செய்வதில்லை. இந்தக் கிருமியின் இன்னொரு வகை, டிங்கிக் காய்ச்சல் பரப்பும் கொசுவின் புழுக்களைக் கொல்லப் பயன்படுகிறது.

ஆனால் எந்த மருந்தையும் அளவுக்கு மீறி நம்பக்கூடாது. 1990-களில் மலேசியாவின் வைரமுதுகுப் புழுக்கள் பி.டி.க்கும் பழகத் தொடங்கியதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். 1970-களில் இம்மலைக்குக் கொண்டுவரப்பட்ட டயடெக்மா என்னும் சிறு குளவி, அந்தப் புழுவுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கிறது. கடும் ரசாயனம் அடித்தால் இந்த நண்பனும் சாகும். பி.டி. குளவியைக் கொல்வதில்லை. குளவியையும் காப்பாற்றி, மருந்துகளை மாற்றி மாற்றி அடிப்பவரே நெடுநாள் கோசு அறுப்பார்.

விழிக்கும் நேரத்துக் கட்டுச்சோறு

வித்து உறங்கினால் மட்டும் போதுமா? ஒருநாள் விழிக்க வேண்டுமே. பல ஆண்டு பட்டினி கிடந்தவனுக்கு எழுந்ததும் வேலை செய்ய ஏது பலம்?

அதற்கும் ஏற்பாடு உண்டு. வித்துக்குள் இருக்கும் மரபுப்பொருளைச் சிறுசிறு புரதங்கள் கம்பளிபோல் போர்த்திக் காக்கின்றன. சூட்டிலிருந்தும் கதிரிலிருந்தும் இவை பாதுகாப்புத் தருகின்றன. விழிக்கும் நேரம் வந்ததும் தனியான ஒரு கத்தி இந்தக் கம்பளியை நறுக்கித் தள்ளுகிறது. இதனால் இரட்டை லாபம். போர்வை விலகியதால் மரபுக் குறிப்பைப் படிக்கலாம். நறுக்கிய துண்டுகளோ மணிகளாக உதிர்ந்து புதுப் புரதம் கோக்க உதவுகின்றன. குளிருக்குப் போர்த்திய கம்பளியே காலையில் கட்டுச்சோறு ஆகிவிட்டது! அந்தக் கத்திகூட உறக்கத்தில் கம்பளியை வெட்டிவிடாதபடி செயலற்ற நிலையில்தான் முதலில் செய்யப்படுகிறது. அமெரிக்க விஞ்ஞானி பீட்டர் செட்லோ பல பத்தாண்டுகள் இதை ஆராய்ந்தவர்.

இப்படி உறங்கவும் விழிக்கவும் தெரிந்த கிருமிகள் எல்லாமே வைக்கோல் கிருமியைப் போலச் சாதுவானவை அல்ல. இனி நம் வீட்டுக்குள் வருவோம்.

நம் மலையில் தண்ணீர் கொதிக்கும் சூடு

வைக்கோல் ஊறிய நீரை எத்தனை கொதிக்க வைத்தாலும் சிலசமயம் கெட்டுப்போகிறதே என்று 1877-ல் பிரிட்டனின் ஜான் டிண்டால் திகைத்தார். காரணம் வித்துதான் என்று கண்டு ஒரு வழி சொன்னார். ஒருமுறை நெடுநேரம் கொதிக்க வைப்பதைவிட, இடைவெளி விட்டு விட்டுச் சிறிது நேரம் கொதிக்க வை. இடைவெளியில் வித்து விழித்துக் கிருமியாகும். விழித்த கிருமியை அடுத்த கொதி கொன்றுவிடும்.

நம் மலைக்கு ஒரு விசேஷம் உண்டு. கடலோரத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் நம் பகுதியில் 95 பாகையிலேயே கொதித்துவிடும். சாதாரணக் கிருமியைக் கொல்ல அது போதும். குடிநீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வித்தைக் கொல்ல அது போதாது. மருத்துவமனைகளில் கருவிகளை நீராவி அழுத்தத்தில் 121 பாகைவரை சூடாக்குவது இதற்காகத்தான்.

சோற்றுப் பானையில்

அரிசியோடு வரும் வித்து, பேசில்லஸ் செரியஸ் என்னும் கிருமியுடையது. சோறு வேகும்போது மற்றக் கிருமிகள் சாகும். வித்து சாகாது. அந்தச் சூடே அதற்கு விழிப்பு மணி அடித்ததுபோல் ஆகிவிடும். பானை ஆறி வெதுவெதுப்பாக இருக்கும் நேரத்தில் விழித்துப் பெருகும். பெருகும்போது ஒரு நஞ்சைச் சுரக்கும். மறுநாள் அந்தச் சோற்றைக் கொதிக்கும் எண்ணெயில் வறுத்து நாசி கோரெங் செய்தாலும் அந்த நஞ்சு அழியாது. சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் வாந்தி. 1971-ல் பிரிட்டனில் உணவகங்களின் வறுத்த சோற்றைச் சாப்பிட்டவர்களுக்கு வந்த வாந்தியிலிருந்துதான் இந்தக் கிருமியின் குற்றம் துலங்கியது.

"இது குளிர்ப் பிரதேசம், சோறு கெடாது" என்று சிலர் சொல்வதுண்டு. நம் இரவுக் குளிர் 15 பாகை அளவில் இருக்கும். குளிர்ப்பெட்டியில் இருக்கவேண்டியது 5 பாகைக்கும் கீழே. ஆகவே மலைக்குளிர் குளிர்ப்பெட்டி ஆகாது. மேலும் பெரிய பானைச் சோற்றின் நடுப்பகுதி நெடுநேரம் சூடாகவே இருக்கும். மீந்த சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் அளவறிந்து வடிப்பதே நலம்.

காயமும் தேனும்

குளோஸ்ட்ரிடியம் என்று இன்னொரு குடும்பம் உண்டு. இவையும் வித்தாகும். அதே நான்கு மண்டோர்கள் இவற்றுக்கும் உண்டு. காற்றுப்பட்டால் வளராதவை இவை. மண்ணிலும் சாணத்திலும் வித்தாகக் காத்திருக்கும்.

கவாத்துக் கத்தி பட்ட ஆழமான வெட்டு, காலில் ஏறிய ஆணி, முள் ஆகியவற்றின் அடியில் காற்று எட்டாது. டெட்டனஸ் என்னும் இசிவுநோயின் வித்து அங்கே விழிக்கும். அது சுரக்கும் நஞ்சும் ஒரு கத்திதான். நரம்பு முனையில் உள்ள ஒரே ஒரு புரதத்தைத் தேடிப்போய் வெட்டுகிறது. 1992-ல் இத்தாலியின் பாதுவா நகரில் மொந்தெகுக்கோ குழுவினர் இதைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் புரதம் வெட்டுப்பட்டால் தசைகளைத் தளர்த்தும் கட்டளை நின்றுபோகிறது. தாடை இறுகி, உடம்பு வில்லாக வளைகிறது.

இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. கைக்குழந்தைக்குப் போடும் ஊசிகளைத் தவறவிடாதீர்கள். பள்ளியில் முதல் வகுப்பிலும் பதினைந்து வயதிலும் போடும்போது, பிள்ளை அழுகிறது என்று வீட்டில் நிறுத்திவைக்காதீர்கள். கர்ப்பிணிகள் கிளினிக்கில் சொல்லும் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆழமான காயம் பட்டால் சோப்பும் நீரும் கொண்டு நன்றாகக் கழுவி, அன்றே கிளினிக்குக்குப் போங்கள். காயத்தில் மண்ணோ சாம்பலோ அப்ப வேண்டாம். பிறந்த குழந்தையின் தொப்புளிலும் எதையும் பூசவேண்டாம்.

தாய்மார்களுக்கு இன்னொரு முக்கிய விஷயம். பிறந்த பிள்ளைக்குச் சேனை வைப்பது நம் வழக்கம். பாட்டியோ தாத்தாவோ நாவில் தேன் தடவுவார்கள். அன்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் தேனில் பொட்டுலினம் என்னும் கிருமியின் வித்து இருக்கக்கூடும். பெரியவர்கள் குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் நல்ல கிருமிகள் அதற்கு இடம் கொடுப்பதில்லை. பச்சிளங் குழந்தையின் குடலில் அந்தக் காவல் இன்னும் உண்டாகவில்லை. வித்து விழித்து நஞ்சைச் சுரந்தால் குழந்தை பால் குடிக்கச் சக்தியற்று, அழுகுரல் தேய்ந்து, கழுத்து நிற்காமல், மூச்சுக்கே மோசம் வரலாம். 1976-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இந்தக் குழந்தை நோய் முதன்முதலாக இனங்காணப்பட்டது. இதன் நஞ்சும் நரம்புப் புரதத்தை வெட்டும் கத்தியே. டெட்டனஸ் கத்தி உடம்பை இறுக்குகிறது, இதுவோ தளர்த்துகிறது.

ஆகவே ஒரு வயது நிறையும்வரை தேன் ஒரு துளியும் கூடாது. அசல் மலைத்தேனாக இருந்தாலும் கூடாது. காய்ச்சினாலும் வித்து போகாது. பாட்டி மனம் நோகாமல் சேனை வைக்க வேண்டுமா? தாய்ப்பாலையே ஒரு துளி தொட்டு வைக்கச் சொல்லுங்கள். சடங்கும் நிற்கும், பிள்ளையும் பிழைக்கும்.

கத்தியைத் திருப்பிப் பிடித்தால்

கிருமியின் கத்தியை அதன் மேலேயே திருப்ப முடியாதா என்று விஞ்ஞானிகள் யோசித்தார்கள். 2005-ல் ஜெர்மனியின் பேயர் கம்பெனி ஆய்வாளர்கள் ஒரு புதுவகைப் பொருளைப் பற்றி எழுதினார்கள். அடெப் என்று அதற்குப் பெயர். அது பீப்பாயின் வாயை அகலத் திறந்து வைத்துவிடுகிறது. காவல் வளையம் இல்லாமலே புரதங்கள் உள்ளே விழுந்து வெட்டுப்படுகின்றன. கிருமி தன்னைத்தானே தின்று சாகிறது.

சாதாரண மருந்துகளில் பல, வளரும் கிருமியைத்தான் தாக்கும். வித்தாகாமலே சோம்பிப் படுத்திருக்கும் கிருமிகள் அவற்றுக்குத் தப்பிவிடும். 2013-ல் பாஸ்டன் நகரின் கிம் லூயிஸ் குழுவினர், அவ்வாறு தப்பிய சீழ்க்கிருமிகளையும் அடெப் துணைகொண்டு எலிகளில் அழித்துக் காட்டினார்கள். இது இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. மருந்துக் கடையில் தேடவேண்டாம். ஆனால் இன்றைக்கே பயன்படும் பாடம் ஒன்று இதில் உண்டு. காய்ச்சல் விட்டதும் மருந்தை நிறுத்தாதீர்கள். காசநோய்க்கு ஆறு மாதம் என்று டாக்டர் சொன்னால் ஆறு மாதமும் விழுங்க வேண்டும். விழித்திருப்பவை முதலில் சாகும். படுத்திருப்பவற்றைத் தீர்க்கத்தான் மீதி மாதங்கள்.

ஒரு தூசி அளவுகூட இல்லாத உயிர், எதைச் செய்வது என்பதோடு எதை எப்போது கைவிடுவது என்பதையும் அறிந்து வைத்திருக்கிறது. அதனால்தான் அது இத்தனை காலம் பிழைத்திருக்கிறது. அதன் உறக்கமும் விழிப்பும் நமக்குத் தெரிந்துவிட்ட பிறகு, சோற்றுப் பானை அருகிலும் தொட்டில் அருகிலும் நாம் விழிப்பாக இருப்பதே அறிவுடைமை. இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் பக்கத்து லயத்துக்கும் கொடுங்கள். பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு முதலில் கொடுங்கள்.